வார்த்தையில்லாமல் பாடிய ஆம்ஸ்டர்டாம்காரர்கள்

ஃபோகஸ் என்ற டச்சு ராக் குழுவின் பெயர் தெரியாதவர்கள்கூட அவர்களுடைய பாட்டு ஒன்றைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. 2010 உலகக்கோப்பைக் கால்பந்தை ஒட்டி நைக்கி ஒரு நீளமான விளம்பரம் விட்டது நினைவிருக்கிறதா? ரூனி, ரொனால்டோ, துரோக்பா எல்லாரும் வருவார்கள். எடுத்தவர் மெக்சிகோ இயக்குநர் இனாரிட்டு. அதில் பந்து பறக்கப் பறக்கப் பின்னால் வெறிபிடித்த மாதிரி ஒரு கிட்டார் ஓடுமே, அதுதான் 'ஹோகஸ் போகஸ்'. 2017இல் வந்த 'பேபி டிரைவர்' படத்தில் கதாநாயகன் போலீசிடம் சிக்காமல் தெருத்தெருவாக ஓடுகிற காட்சியிலும் அதே பாட்டுதான். துப்பாக்கி வெடிப்பதுகூடத் தாளத்தில் விழும்படி இயக்குநர் எட்கர் ரைட் அதை வெட்டிக் கோத்திருப்பார்.

பாட்டு எப்படிப் போகும் என்றால், முதலில் தடதடவென்று கிட்டார் ரிஃப். சட்டென்று எல்லாம் நின்று டிரம்ஸ் மட்டும் உருளும். உடனே ஆர்கன் பின்னணியில் ஓர் ஆள் யோடலிங் செய்ய ஆரம்பிப்பார். ஆமாம், ஆல்ப்ஸ் மலை இடையர்களுடைய, நம் ஊரில் சந்திரபாபு புகழ்பெறச் செய்த அதே யோடலிங். மறுபடி ரிஃப். மறுபடி டிரம்ஸ். இந்த முறை புல்லாங்குழல். அதை ஊதிக்கொண்டே தொண்டையாலும் சத்தம் எழுப்புவார். மறுபடி ரிஃப். அடுத்து விசில், அக்கார்டியன், பைத்தியக்காரச் சிரிப்பு. ஆறே முக்கால் நிமிடம் போல இந்தக் கூத்து நடக்கும். முழுப் பாட்டிலும் பொருளுள்ள வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது.

கேட்கிறவர்கள் சிரித்துவிட்டு, "ஏதோ காமெடி பேண்டு போல" என்று நகர்ந்துவிடுகிறார்கள். இதில் எனக்கு ஒரு பழைய ஆதங்கம். டீக்கடையில் நண்பர்களோடு குரலை உயர்த்திப் பேசுகிற அளவுக்கு ஆதங்கம். செவ்வியல் இசையையும் ஜாஸையும் ராக்கோடு சேர்த்த 1970களின் ஐரோப்பிய பேண்டுகளில் ஃபோகஸுக்கு நான் மிக உயரமான இடம் தருவேன். அந்த உயரத்துக்கு அவர்களை ஏற்றியதே இந்த வார்த்தையில்லாத குரல்தான் என்பது என் கட்சி. கேட்டுவிட்டு மறுப்பவர்கள் மறுக்கலாம்.

யோடல் பாடுகிற ஆள் தைஸ் வான் லீர். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். அப்பாவே புல்லாங்குழல் கலைஞர். பையன் பியானோ, குழல் இரண்டையும் கற்று, கன்சர்வேட்டரியில் முறையாகப் படித்தவர். ஆக, ஏதோ மேடையில் தோன்றியதைக் கத்துகிற ஆள் இல்லை. 'ஹோகஸ் போகஸ்' அமைப்பையே திரும்பப் பாருங்கள். பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது, நடுவில் ஒவ்வொரு முறையும் வேறொரு சரணம். மேற்கத்திய செவ்வியலில் இதற்கு ரோண்டோ என்று பெயர். மோசார்ட், பீத்தோவன் சொனாட்டாக்களின் கடைசிப் பகுதிகளில் சர்வசாதாரணமாக வரும் வடிவம். ஊரே சிரிக்கிற பாட்டை வான் லீர் அந்தப் பழைய சட்டத்துக்குள் கச்சிதமாக மாட்டி வைத்திருக்கிறார். சட்டம் உறுதியாக இருப்பதால்தான் உள்ளே இவ்வளவு ஆட்டம் போட முடிகிறது.

கன்சர்வேட்டரி ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் நாடக மேடை. 1960களின் கடைசியில் ராம்ஸஸ் ஷாஃபி என்ற டச்சுப் பாடகர் நடத்திய 'ஷாஃபி ஷான்டான்' மேடைக் குழுவில் வான் லீர் இருந்தார். பிறகு 1969இல் மார்ட்டின் டிரஸ்டன் பேஸிலும் ஹான்ஸ் க்ளூவர் டிரம்ஸிலும் சேர, மூன்று பேர் குழு ஒன்று உருவானது. அவர்களுக்குச் சோறு போட்டது 'ஹேர்' என்ற அமெரிக்க இசை நாடகத்தின் ஆம்ஸ்டர்டாம் தயாரிப்பு. மேடைக்குக் கீழே பள்ளத்தில் உட்கார்ந்து தினமும் வாசித்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் கிட்டாரோடு வந்து சேர்ந்தார் யான் ஆக்கர்மன். அதுதான் ஃபோகஸ்.

முதல் ஆல்பம் 1970இல் வந்தது. நெதர்லாந்தில் ஒரு பெயர், வெளிநாட்டில் 'இன் அண்ட் அவுட் ஆஃப் ஃபோகஸ்' என்று இன்னொரு பெயர். அதை ஒரு தடவை உட்கார்ந்து முழுதாகக் கேட்டால் என் கட்சிக்கு முதல் சாட்சி கிடைத்துவிடும். அதில் 'ஃபோகஸ்' என்ற ஒரே மெட்டு இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்றில் வான் லீர் ஆங்கில வரிகளோடு பாடுகிறார். இன்னொன்றில் வரிகள் இல்லை, கருவிகள் மட்டும். பாடிய வடிவம் அழகாக இருக்கிறது, சரி. ஆனால் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் நூறு பேண்டுகள் அப்படி ஒன்றைப் பாடியிருக்கக்கூடும். கருவி வடிவத்தை வாசிக்க இவர்களைத் தவிர ஆள் இல்லை. ஆக்கர்மனின் கிட்டார் அந்த மெட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக நடக்கும்போது, வரிகள் இருந்த இடத்தில் எதுவும் குறைந்ததாகவே தோன்றாது. 'பிளாக் பியூட்டி', 'சுகர் ஐலண்ட்' என்று வேறு ஆங்கிலப் பாட்டுகளும் அந்த ஆல்பத்தில் உண்டு. அவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. 1970 பிப்ரவரியில் ஷாக்கிங் ப்ளூ என்ற டச்சுக் குழுவின் 'வீனஸ்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்திருந்தது. கடல் தாண்ட வேண்டுமானால் ஆங்கிலத்தில் பாடு என்பதுதான் அன்றைய பாடம். டச்சு மொழியில் பாடினால் நெதர்லாந்து, பெல்ஜியத்தின் ஒரு பாதி, அத்தோடு சரி. இந்த இக்கட்டிலிருந்து ஃபோகஸ் தப்பித்த வழி வேடிக்கையானது. ஆங்கிலமும் வேண்டாம், டச்சும் வேண்டாம், மொழியே வேண்டாம் என்று விட்டார்கள். குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். திட்டம் போட்டுச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்பது வேறு விஷயம். நடந்தது அதுதான்.

அந்தக் காலத்திலேயே வெளிவந்த சிங்கிள் 'ஹவுஸ் ஆஃப் தி கிங்' இன்னொரு முன்னறிவிப்பு. இரண்டே முக்கால் நிமிடம் போல ஓடும், துள்ளலான புல்லாங்குழல் மெட்டு. எழுதியது குழல்காரர் வான் லீர் இல்லை, கிட்டார்காரர் ஆக்கர்மன். இன்றைக்கும் நிறையப் பேர் இதைப் புல்லாங்குழலுக்குப் பேர்போன பிரிட்டிஷ் குழு ஜெத்ரோ டல் வாசித்தது என்று சத்தியம் செய்வார்கள். பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சிலவற்றுக்கு முகப்பிசையாகவும் போனது. 2006இல் தொடங்கிய ஸ்டீவ் கூகனின் 'சாக்ஸன்டேல்' தொடரில்கூட இதுதான்.

ஆக்கர்மனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1946இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். பழைய இரும்பு வியாபாரியின் மகன். ஃபோகஸுக்கு முன்பு பிரெயின்பாக்ஸ் என்ற ப்ளூஸ் ராக் குழுவில் இருந்தார். ப்ளூஸ், ஜாஸ் இரண்டும் விரலில் இருந்தன. நடுவில் ஜூலியன் பிரீம் லூட் வாசிப்பதைக் கேட்டுவிட்டு அந்தக் கருவியின் மேல் பைத்தியமானார். லூட் என்பது ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கொடிகட்டிப் பறந்து பிறகு மறைந்துபோன தந்தி வாத்தியம். 1973இல் வந்த அவருடைய தனி ஆல்பம் 'டாபர்னாகிள்' எடுத்துக் கேளுங்கள். ஜான் டவ்லண்டின் நானூறு ஆண்டுப் பழைய லூட் உருப்படிகளை வாசித்துக்கொண்டே இருப்பார். கூடவே பார்த்தால் டிம் போகர்ட்டும் கார்மைன் அப்பீஸும் பேஸ், டிரம்ஸோடு வந்து நிற்பார்கள், அமெரிக்க ஹார்ட் ராக் ஆட்கள். வேறு எவராவது செய்திருந்தால் அவியலாகியிருக்கும். இவர் செய்ததும் சில இடங்களில் அவியல்தான். ஆனால் அந்த லூட் பகுதிகளுக்காக அதை மன்னித்துவிடலாம்.

எலக்ட்ரிக் கிட்டாரில் அவருடைய கைவேலை ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தந்தியை மீட்டும்போது ஒலிக் குமிழை அடியோடு குறைத்து வைத்திருப்பார். மீட்டியவுடன் அதே கையின் சுண்டுவிரலால் குமிழை ஏற்றுவார். தந்தியில் அடி விழுகிற 'டங்' சத்தம் காதுக்கு வராது. நாதம் மட்டும் எங்கிருந்தோ கிளம்பிப் பெருகி வரும், வயலினில் வில் போட்டது போல. கிட்டாரையே பாட வைக்கிற வித்தை இது. வான் லீர் குரலிலிருந்து வார்த்தையைக் கழற்றினார், ஆக்கர்மன் கிட்டாரிலிருந்து அடியைக் கழற்றினார். இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொள்வதுதான் ஃபோகஸின் மெதுவான பாட்டுகள். ஆல்பத்துக்கு ஆல்பம் 'ஃபோகஸ் 2', 'ஃபோகஸ் 3' என்று எண் போட்டு ஒரு மெட்டு வரும். கவிஞர்கள் சிலர் தங்கள் கவிதைகளுக்கு எண் மட்டும் போட்டு விடுவது மாதிரி, தலைப்புக்குக்கூடச் சொல் தேடவில்லை.

முதல் ஆல்பத்துக்குப் பிறகு ஆக்கர்மன் விலகிப் புதுக் குழு தொடங்கப் போனார். பிரெயின்பாக்ஸ் காலத்துக் கூட்டாளி பியர் வான் டெர் லிண்டன் டிரம்ஸ், சிரில் ஹாவர்மன்ஸ் பேஸ். வான் லீர் என்ன செய்தார்? தானும் அந்தப் புதுக் குழுவில் போய்ச் சேர்ந்துகொண்டு, ஃபோகஸ் என்ற பெயரையும் கூடவே எடுத்துப் போய்விட்டார். இப்படியாக, விலகிப்போனவரின் குழுவே பழைய குழு ஆனது. பார்ன் என்ற ஊரில் இருக்கும் க்ரூனெஃபெல்ட் கோட்டை மாளிகையில் ஒத்திகை. அங்கேதான் ஒருநாள் ஆக்கர்மன் அந்தத் தடதட ரிஃபை வாசிக்க, வான் டெர் லிண்டன் டிரம்ஸ் உருட்டலால் பதில் சொல்ல, வான் லீர் அதுவரை வாழ்க்கையில் செய்யாத யோடலிங்கைத் திடீரென்று எடுத்துவிட்டார். 'ஹோகஸ் போகஸ்' பிறந்த கதை அவ்வளவுதான். கன்சர்வேட்டரியில் கற்ற வடிவம், ஜாஸ் டிரம்மரின் உடனடிப் பதில், எல்லாம் ஒரு விளையாட்டில் ஒன்றுசேர்ந்தன.

இதை லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் மைக் வெர்னன். ஜான் மேயாலையும் எரிக் கிளாப்டனையும் பதிவு செய்தவர், ஃப்ளீட்வுட் மாக்கின் ஆரம்ப கால ஆல்பங்களுக்குப் பொறுப்பானவர், ப்ளூஸ் காதுக்காரர். 1971இல் வெளியான அந்த ஆல்பம்தான் வெளிநாட்டில் 'மூவிங் வேவ்ஸ்'. முதல் பாட்டே 'ஹோகஸ் போகஸ்'. அது முடிந்ததும் 'லெ க்ளோஷார்' என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு நைலான் தந்திக் கிட்டாரும் மெலட்ரான் என்ற கீபோர்டில் எழும் தந்திக்குழு ஒலியும். காற்றடித்த வீட்டில் கதவைச் சாத்தியது போல சத்தம் அடங்கிவிடும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்த துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

ஆல்பத்துக்குப் பெயர் தந்த 'மூவிங் வேவ்ஸ்' வான் லீர் பியானோ வாசித்துப் பாடுவது. இதில் வார்த்தைகள் உண்டு. யாருடைய வரிகள் என்று உறையைப் பார்த்தால் இனாயத் கான்! 1882இல் பரோடாவில் பிறந்த வீணைக் கலைஞர், சூஃபி ஆசான். அவருடைய தாத்தா மௌலா பக்ஷ் மைசூரில் கர்நாடக இசை கற்றவர். பேரன் மேற்குக்குப் போய் இசையை விட்டுச் சூஃபி ஞானத்தைப் பரப்பினார். அவரைப் பின்பற்றியவர்கள் நெதர்லாந்தில் கணிசமாக இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் ராக் ஆல்பத்தில் பரோடாக்காரரின் கவிதை வந்து உட்கார்ந்த வழி அதுதான். அந்த ஆல்பத்தில் வார்த்தைக்கு இடம் கொடுத்த ஒரே பாட்டில்கூட வான் லீர் சொந்தமாக எழுதவில்லை, ஒரு ஞானியிடம் கடன் வாங்கினார் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே படைப்பு, 'இரப்ஷன்'. இருபத்து மூன்று நிமிடம். மனைவி யூரிடிஸ் இறந்துபோக, அவளை மீட்கப் பாதாள உலகத்துக்கே இறங்கிப்போன ஆர்ஃபியஸின் கதை. இத்தாலியில் யாக்கோப்போ பெரி 1600இல் இயற்றிய 'யூரிடிச்சே' என்ற ஆப்பராவிலிருந்து தூண்டுதல். முழுதாக இன்று கைக்குக் கிடைக்கும் ஆப்பராக்களில் அதுதான் மிகப் பழையது. ஆப்பரா என்றாலே பாட்டும் வசனமும்தான். இவர்கள் அந்தக் கதையை எடுத்து, வசனத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆர்கன், கிட்டார், குழல், சொல்லில்லாத குரல் ஆகியவற்றால் மட்டும் சொன்னார்கள். இதில் நடுவே வரும் 'டாமி' என்ற பகுதியை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அந்த மெட்டு இவர்களுடையது இல்லை. க்ரோனிங்கன் ஊரைச் சேர்ந்த சொல்யூஷன் என்ற ஜாஸ் ராக் குழுவின் டாம் பார்லாஹே போட்டது. ஆக்கர்மன் அதை வாசிக்கிற விதத்தில், காதலியை இழந்தவன் அழுவதற்கு மொழி தேவையில்லை என்பது புரிந்துவிடும். 'இரப்ஷன்' முழுதும் சமமான தரம் என்று சொல்ல மாட்டேன். டிரம்ஸ் தனி வருகிற இடத்தில் எனக்குக் கொஞ்சம் பொறுமை போகும். ஆனால் அதைக் கடந்து மறுபடி முதல் மெட்டு ஆர்கனில் எழும்போது எல்லாம் சரியாகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒப்பீடு ஒன்று செய்யாமல் நகர முடியாது. செவ்வியலையும் ஜாஸையும் ராக்கோடு கலந்த டச்சுக் குழு என்றால் ஃபோகஸுக்கு முன்பே ஹார்லமிலிருந்து எக்செப்ஷன் இருந்தது. ரிக் வான் டெர் லிண்டன் கீபோர்டு, ரெயின் வான் டென் புருக் டிரம்பெட். 1969இல் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை டிரம்ஸ், பேஸ் போட்டு வாசித்து நெதர்லாந்தில் பெரிய வெற்றி பெற்றார்கள். பாக்கின் 'ஏர்' அப்படியே தொடர்ந்தது. திறமைசாலிகள், சந்தேகமே இல்லை. கேட்கவும் உற்சாகமாக இருக்கும். ஆனால் அங்கே செவ்வியல் இசை வெளியிலிருந்து கொண்டுவந்து மேடையில் நிறுத்தப்பட்ட விருந்தாளி. எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, புது உடை. ஃபோகஸிடம் நீங்கள் அடையாளம் கண்டு கைதட்டுகிற மெட்டு அபூர்வமாகத்தான் வரும். ரோண்டோ, ஃபியூக், வேறுபாட்டு வரிசை ஆகிய வடிவங்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மெட்டைத் தாங்களே போட்டார்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பெரியது. எக்செப்ஷன் ரசிகர்கள் பின்னூட்டத்தில் வந்து சண்டை போடலாம்.

சரி, புகழுக்கு வருவோம். 1972 கடைசியில் பிபிசியின் 'ஓல்ட் கிரே விசில் டெஸ்ட்' நிகழ்ச்சியில் ஃபோகஸ் தோன்றியது. அதற்குப் பிறகு பிரிட்டன் கவிழ்ந்தது. 1973 தொடக்கத்தில் அந்நாட்டு சிங்கிள்ஸ் பட்டியலில் ஒரே சமயத்தில் இரண்டு ஃபோகஸ் பாட்டுகள்: 'ஹோகஸ் போகஸ்' 20ஆம் இடம் வரை, 'சில்வியா' 4ஆம் இடம் வரை. இரண்டிலும் வரிகள் கிடையாது. 'மூவிங் வேவ்ஸ்' ஆல்பம் 2ஆம் இடம் போனது. அமெரிக்காவில் 'ஹோகஸ் போகஸ்' அதே ஆண்டு 9ஆம் இடம். மெலடி மேக்கர் பத்திரிகை வாசகர்கள் ஆக்கர்மனைச் சிறந்த கிட்டார் கலைஞராகத் தேர்ந்தெடுத்தார்கள். கிளாப்டனும் ஜிம்மி பேஜும் உள்ளூரிலேயே இருந்த காலம் அது.

'சில்வியா' கதையைச் சொன்னால் என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேட வேண்டியதில்லை. ஷாஃபி குழுவில் சில்வியா ஆல்பர்ட்ஸ் என்ற பாடகி இருந்தார். அவருக்காக 1968இல் வான் லீர் போட்ட மெட்டு இது. ஆங்கிலத்தில் வரிகளும் எழுதப்பட்டிருந்தன. தலைப்பே ஒரு முழு வாக்கியம், மூச்சு வாங்கும் அளவுக்கு நீளம். பாடகிக்குப் பிடிக்கவில்லை. வான் லீர் மெட்டை மடித்து வைத்துக்கொண்டார். சில ஆண்டு கழித்து, வரிகளை உதறிவிட்டு, ஆக்கர்மன் கையில் கொடுத்தார். நன்றிக்கோ குறும்புக்கோ அந்தப் பாடகியின் பெயரையே தலைப்பாகவும் வைத்தார். ஆர்கன் முன்னுரை முடிந்து கிட்டார் நுழைகிறதே, அந்த மெட்டில் ஒரு பாடகி பாட வேண்டிய மூச்சு இடைவெளிகள் அப்படியே இருக்கின்றன. ஆக்கர்மன் அந்த இடங்களில் விட்டுவிட்டு வாசிக்கிறார். இடையில் வான் லீரின் உச்சஸ்தாயிக் குரல் சொல்லின்றி ஏறி இறங்கும். பாட்டாகப் பிறந்து, வரியை இழந்து, இங்கிலாந்தில் நான்காம் இடம் பிடித்தது.

'சில்வியா' இருப்பது 1972இல் வந்த 'ஃபோகஸ் 3' என்ற இரட்டை ஆல்பத்தில். ஹாவர்மன்ஸ் போய் பெர்ட் ராய்ட்டர் பேஸுக்கு வந்துவிட்டிருந்தார். இவர்களுடைய ஜாஸ் முகத்தை முழுதாகப் பார்க்க இதுதான் இடம். 'கார்னிவல் ஃபியூக்' என்று ஒன்று: தலைப்பு சொல்கிறபடி பாக் பாணியில் ஒரு குரலைத் துரத்தி இன்னொரு குரலாக நிதானமாகத் தொடங்கும், போகப்போக இடுப்பை ஆட்டுகிற திருவிழாத் தாளத்தில் போய் முடியும். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி மாற்றியிருப்பார்கள். 'ரவுண்ட் கோஸ் தி காசிப்' பாட்டில் வான் லீர் வார்த்தை பாடுகிறாரே என்று காதைத் தீட்டினால், அது வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்திலிருந்து லத்தீன்! எவருக்கும் தாய்மொழியாக இல்லாத மொழி. ஆங்கிலமாக இருந்துவிடக் கூடாது என்பதில் அப்படி ஒரு வைராக்கியம்.

அப்புறம் 'அனானிமஸ் 2'. இருபத்தாறு நிமிடம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல் அடுத்த பக்கத்துக்கும் வழிந்தது. குழல், பேஸ், கிட்டார், டிரம்ஸ் என்று ஆளாளுக்குத் தனி. வான் டெர் லிண்டன் அடிப்படையில் ஜாஸ்காரர். ராக் டிரம்மர்கள் தாளத்தை ஆணியடித்து நிறுத்துவார்கள் என்றால் இவர் தாளத்துக்கு மேலே மிதப்பார். கிட்டார் சொன்னதைத் திருப்பிச் சொல்வார், மறுப்பார், இடையில் பேசுவார். இந்தக் குழுவில் உண்மையில் உரையாடல் நடப்பது டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் இடையில்தான். இருபத்தாறு நிமிடமும் தேவையா என்று கேட்டால், தேவையில்லை. பாதி போதும். ஆனால் எந்தப் பாதி என்பதில் எனக்கு நாளுக்கு நாள் கருத்து மாறுகிறது.

1973இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'மிட்நைட் ஸ்பெஷல்' நிகழ்ச்சியில் 'ஹோகஸ் போகஸ்' வாசித்தார்கள். யூடியூபில் பல தலைமுறைகள் பார்த்துப் பார்த்து வாய்பிளக்கிற காணொளி. பாடகி கிளாடிஸ் நைட் அறிமுகம் செய்வார். கொடுத்த நேரம் குறைவு என்பதால் பாட்டையே வேகமாக வாசித்து முடித்தார்கள் என்று கதை. உண்மையோ இல்லையோ, வேகம் உண்மை. வான் லீர் ஆர்கனிலிருந்து குழலுக்குத் தாவி, யோடல் பாடி, விசிலடித்து, திரும்ப ஆர்கனுக்கு வருவார். ஆக்கர்மன் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ தனியறையில் இருப்பதுபோல நிற்பார். ஒருவர் கோமாளி, ஒருவர் துறவி. அந்தப் பொருத்தமின்மைதான் ஃபோகஸ்.

அது நீடிக்கவும் இல்லை. அதே 1973 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் சிப்பிங் நார்ட்டன் ஸ்டுடியோவில் புது ஆல்பத்துக்கு உட்கார்ந்தார்கள், வேலை நகரவில்லை. பதிலுக்கு லண்டன் ரெயின்போ அரங்கக் கச்சேரியை ஆல்பமாக வெளியிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் வான் டெர் லிண்டன் விலகினார். போனவர் தன் உறவினரான எக்செப்ஷன் ரிக்கோடு சேர்ந்து டிரேஸ் என்ற குழுவைத் தொடங்கினார். டச்சு ராக் உலகம் அவ்வளவு சின்னது.

அவர் இடத்துக்கு இங்கிலாந்துக்காரர் காலின் ஆலன் வந்தார். 1974இல் 'ஹாம்பர்கர் கன்சர்ட்டோ'. இருபது நிமிடத் தலைப்புப் படைப்பின் பகுதிகளுக்கு 'ஸ்டார்ட்டர்', 'ரேர்', 'மீடியம்', 'வெல் டன்' என்று ஓட்டல் மெனு பெயர்கள். சிரிக்காதீர்கள். உள்ளே இருப்பது பிராம்ஸ் 1873இல் எழுதிய, ஹைடன் பெயரில் வழங்கும் மெட்டொன்றின் மீதான வேறுபாட்டு வரிசையிலிருந்து எடுத்த கரு. பிராம்ஸ் பிறந்த ஊர் ஹாம்பர்க் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தலைப்பை மறுபடி படியுங்கள். ஆலன் நேரான தாளக்காரர். ஜாஸ் கொஞ்சம் குறைந்தது, ஆர்கனும் மெலட்ரானும் ஆலயம்போல எழுந்தன. ஃபோகஸின் மிகக் கட்டுக்கோப்பான ஆல்பம் இது என்று பலரும் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மிதக்கிற டிரம்ஸுக்கு என் காது ஏங்கும்.

அதற்குப் பிறகு இறக்கம். 1975இன் 'மதர் ஃபோகஸ்' சின்னச்சின்னப் பாட்டுகள், இனிமையானவை, காபி கடைக்கு ஏற்றவை. அதில் பெரும்பகுதி டிரம்ஸ் வாசித்த டேவிட் கெம்பர் பிற்காலத்தில் பாப் டிலனிடம் வாசித்தார் என்பது உபரித் தகவல். 1976இல் சுற்றுப்பயணம் தொடங்குகிற நேரத்தில் ஆக்கர்மன் வெளியேறினார். பெல்ஜிய ஜாஸ் கிட்டார் கலைஞர் ஃபிலிப் காத்தரின் வந்து கைகொடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, பி.ஜே. ப்ராபி என்ற அமெரிக்கப் பாடகரை அழைத்து 'ஃபோகஸ் கான் ப்ராபி' என்று ஓர் ஆல்பம். ஆங்கில வரிகள், முழங்குகிற குரல், எல்லாம் உண்டு. 1978இல் குழு கலைந்தது. வார்த்தை வந்தது, ஃபோகஸ் போனது என்று நான் சொன்னால் மிகை என்பீர்கள். அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

வான் லீரும் ஆக்கர்மனும் 1985இல் இருவராகச் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்தார்கள். 1990இல் பழைய நால்வரும் டச்சுத் தொலைக்காட்சிக்காக ஒருமுறை ஒன்றுசேர்ந்தார்கள். அவ்வளவுதான். 2002இல் வான் லீர் இளையவர்களை வைத்து ஃபோகஸை மறுபடி தொடங்கினார். இரண்டு ஆண்டில் வான் டெர் லிண்டனும் திரும்பி வந்துவிட்டார். ஆக்கர்மன் வரவில்லை, தன் வழியில் வாசித்துக்கொண்டிருக்கிறார். பெர்ட் ராய்ட்டர் 2022இல் காலமானார். 2024இல் 'ஃபோகஸ் 12' வெளிவந்தது. இன்னமும் எண்தான், தலைப்பு இல்லை. கிட்டார் மென்னோ ஹூட்யஸ். ஆக்கர்மனைப் போலச் செய்யாமல் தன் போக்கில் வாசிக்கத் தெரிந்தவர்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 'ஹோகஸ் போகஸ்' கேட்டிருப்பீர்கள், அதை விடுங்கள். முதலில் 'சில்வியா'. அடுத்து 'ஃபோகஸ் 2'. பிடித்திருந்தால் இரவு ஹெட்போனில் 'இரப்ஷன்'. அதன்பிறகு 'ஹாம்பர்கர் கன்சர்ட்டோ' முழு ஆல்பம், நடுவில் எழாமல். ஜாஸ் பிடித்தவர்கள் நேராக 'அனானிமஸ் 2'க்குப் போகலாம். ரெயின்போ கச்சேரி ஆல்பத்தை மட்டும் சத்தம் கூட்டி வைத்துக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து.